சின்ன ரவா, பெரிய றவா

காட்பாடி ரோட்டில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடை.
சதுர அடி பதினைந்து ரூபாய்,
டிசைன் இலவசம்,
பிழைக்கு நாங்கள் பொறுப்பல்ல.

தேசம்மாள் வந்தபோது மதியம் இரண்டு மணி.
கோட்டை அகழி ஓரம், விடியலில் நடப்பவர்களுக்கு
எவர்சில்வர் தூக்கில் சாறு விற்கிறவள்.
"பக்கத்துல ஒருத்தன் போர்டு வச்சிட்டான்பா.
எனக்கும் ஒண்ணு அடி. மூணுக்கு ரெண்டு."

அருகம்புல் சாறு என்று அடித்து
நெட்டில் இறக்கிய படமொன்றைப் பக்கத்தில் வைத்தேன்.
எட்டிப் பார்த்தாள்.
"இது கோதுமைப் புல்லு."
இன்னொன்று வைத்தேன்.
"இது யாரோ வெள்ளக்காரன் ஊட்டு முன்னாடி கீற புல்லு."
கட்டைப்பையில் கைவிட்டு
ஈரச் சாக்கிலிருந்து ஒரு கொடியை உருவி
ஸ்கேனர் கண்ணாடிமேல் கிடத்தினாள்,
மண்ணோடு.

வெளிச்சம் ஒருமுறை அதைக் கடந்து போனது.
திரையில்
கணுவுக்குக் கணு வேர்.
எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று
சொல்ல முடியவில்லை.
அவ்வளவு பெரிதாக அதை நான் பார்த்ததே கிடையாது.
பெயர்மேல் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

அகராதியில் பெரிய ற.
அறுகு.
ஊர் முழுக்க, பிள்ளையார் சதுர்த்திக்கு
நானே அடித்த நாற்பது போர்டிலும், சின்ன ர.
அருகு.

அருகு என்றால் பக்கம். ஓரம்.
குறைந்து குறைந்து இல்லாமல் போவதும் அருகுவதுதான்.
'அருகிவரும் உயிரினம் காப்போம்' என்று
போன மாதம் ஒரு பேனர் அடித்தேன்.
இந்தப் புல்லா அருகியது?
எங்கள் வாசல் சிமென்ட்டுக்குள்ளிருந்தே
மூன்று இடத்தில் எட்டிப் பார்க்கிறது.

பெரிய ற போட்டால் உள்ளே ஓர் அறு இருக்கிறது.
அறுவடை, அறுவாள்மனை, அறுந்த செருப்பு.
அறுக்கிறோம் என்பதால் அறுகா,
அறுத்தும் அறவில்லை என்பதாலா?
பெயர் வைத்தவன் முகவரி யாரிடமும் இல்லை.

மெஷினுக்கு மை ஊற்றிக்கொண்டே இம்தியாஸ் சொன்னான்,
"எங்க வீட்ல தூப். எழுத்துப் பிரச்சினையே இல்ல."
தேசம்மாளுக்குத் தாய்வீடு சித்தூர்ப் பக்கம்.
"எங்கம்மா கரிகனு சொல்லும்."

கரிக, அறுகு. கரிக, அறுகு.
எல்லைச் செக்போஸ்ட்டில் முதல் எழுத்தை
இறக்கிவிட்டு வந்தது மாதிரி இருந்தது.
இல்லை, இங்கிருந்து போகையில்
அங்கே ஒன்றை ஏற்றிக்கொண்டதோ என்னவோ.

"எங்கக்கா அறுக்கிறே?"
"திருவலத்தாண்ட, பொன்னையாத்துல.
பாலாத்துப் புல்லு வாணாம்பா, தோல் தண்ணி.
இன்னிக்கி அறுத்த எடத்துக்கு
பத்து நாள் கழிச்சிப் போனா
நான் வந்ததே அதுக்கு ஞாபகம் இருக்காது."

சின்ன ரவைப் பாலாற்றுக்குக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.
அருகியது அதுதானே.
பாலத்தில் பஸ் ஏறும்போது
ஜன்னலோரம் கிடைத்தவன்கூடக் கீழே பார்ப்பதில்லை.

"அக்கா, சின்ன ரவா, பெரிய றவா?"
"எது காசு கம்மி?"
"ரெண்டும் ஒண்ணுதான்."
"அப்ப குடிக்கிறவங்க எப்பிடிச் சொல்றாங்களோ அப்பிடியே போடு.
இருவது ரூபான்றத மட்டும் பெருசாப் போடு."

சின்னதையே போட்டேன்.
அந்த ஓர் எழுத்தை மட்டும் சிவப்பில்.
ஏனென்று அவள் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

பங்குனி, சித்திரை, வைகாசி.
வேலூர் வெயிலுக்கு முதலில் பலியாவது சிவப்பு மை.
நேற்று விடியலில் அகழிப் பக்கம் போனேன்.
அ     கம்புல் சாறு.
நடுவே, எந்த எழுத்து வந்தாலும் உட்காரலாம் என்று
வெளுத்துக் கிடந்தது இடம்.
மஞ்சளும் போய், புல் நீலமாகியிருந்தது.
எட்டுப் பேர் வரிசையில்.

தம்ளரை நீட்டினாள்.
"எழுத்து போயிடுச்சேக்கா, மாத்தித் தரட்டுமா?"
ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
அடுத்த தம்ளரை அலசினாள்.
"அதான் படம் கீதே."